மந்திர நூலகமும் டிரங்குப் பெட்டியும்



தாய்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு இன்று ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தோம். அது மந்திரமும் மாயமும் நிறைந்த புத்தகம். ஆயினும் அச்சுறுத்தாத புத்தகம். மைய அரசின் அலுவலகத்தில் சுற்றறிக்கைகளையும் விண்ணப்பப் படிவங்களையும் மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருவருக்கு மாயக் கதையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 'கீழே கையொப்பமிட்டுள்ள' என்னும் தொடரை நாள்தோறும் இருபது முறை எழுதுபவர்க்கன்றோ மாயக் கதை மிகவும் வேண்டியிருக்கிறது!

ஆங்கில நாவலுலகில் அண்மைக் காலத்தில் 'கோஸி ஃபேன்டஸி' என்று ஒரு வகை தழைத்து வருகிறது. டிராவிஸ் பால்ட்ரீ என்பவர் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நாவல் இவ்வகையைப் பலரும் அறியச் செய்தது. போர்த்தொழிலில் சலிப்புற்ற வீராங்கனை ஒருத்தி வாளைச் சுவரில் மாட்டிவிட்டுக் காப்பிக் கடை வைக்கும் கதை அது. இத்தகைய கதைகளில் உலகம் அழியும் தறுவாயில் நிற்பதில்லை. பேரரக்கனை வதைக்க வேண்டியதும் இல்லை. அப்பம் நன்றாக வெந்ததா, அடுத்த வீட்டாரோடு மனத்தாங்கல் தீர்ந்ததா என்பனவே அங்கே பெரிய காரியங்கள்.

'கோஸி' என்ற அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? தொழிற்பழக்கத்தினால் நமக்கு இந்த எண்ணமே முதலில் எழுந்தது. 'கதகதப்பு' என்று சொல்லலாம். ஆனால் வெயில் காயும் நம் நாட்டில் சுகம் என்பது வெம்மையன்று; குளிர்ச்சியே. மனம் குளிர்ந்தது என்கிறோம். வயிறு குளிர்ந்தது என்கிறோம். பிள்ளையைக் கண் குளிரக் கண்டேன் என்று தாய் சொல்கிறாள். 'நீ வந்ததில் என் மனம் கதகதத்தது' என்று எந்தத் தமிழ்த் தாயும் சொன்னதில்லை. ஆயினும் தை மாதத்துத் தில்லியில், பல் கிட்டிக்கொள்ளும் குளிரில், ரஜாய்க்குள் கால்களை மடக்கிக்கொண்டு சூடான காப்பியைக் கையில் ஏந்தியிருக்கும் தமிழருக்குக் கதகதப்பின் அருமையும் தெரியும். இரண்டு சுகமும் அறிந்தவர்கள் குடிபெயர்ந்த தமிழர்கள். ஆகவே இருபாலும் சாராமல் 'இதக்கதை' என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இன்று எடுத்துக்கொண்ட நாவல் சாரா பெத் டர்ஸ்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் எழுதியது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த அதன் பெயர் 'தி ஸ்பெல்ஷாப்'. மந்திரக் கடை என்று சொல்லலாம். பல தீவுகளைக் கொண்ட ஒரு பேரரசு. அதன் தலைநகரான அலிஸியத்தில் ஒரு பெருநூலகம் இருக்கிறது. அங்கே மந்திர நூல்கள் அடுக்கடுக்காகக் குவிந்துள்ளன. மந்திரம் ஓதும் உரிமை அரசின் அனுமதி பெற்ற மந்திரவாதிகளுக்கு மட்டுமே உண்டு. மற்றவர் ஓதினால் கடுந்தண்டனை. கீலா என்னும் பெண் அந்நூலகத்தில் பணிபுரிகிறாள். மனிதரோடு பழகுவதில் அவளுக்கு விருப்பமில்லை, புத்தகங்களே போதும். அவளுக்கு ஒரே துணை காஸ் என்னும் செடி. நம் வீட்டு பால்கனிகளில் தொட்டியிலிட்டுத் தொங்கவிடுகிறோமே, நீண்ட மெல்லிலைகள் வளைந்து தொங்கும் செடி, அந்த இனம். இச்செடி பேசும், நடக்கும், அஞ்சும், கவலைப்படும். கவலைப்படுவதே அதன் முழுநேரத் தொழில் என்று சொல்லிவிடலாம்.

இச்செடிக்கு உயிரும் அறிவும் தந்தவள் முன்பு அங்கே பணிபுரிந்த வேறொரு நூலகப் பெண். தனிமை தாங்காமல், பேச்சுத் துணைக்காக, சட்டத்தை மீறி அந்த மந்திரத்தை ஓதிவிட்டாள். அதற்காக அவளை மரச்சிலையாக ஆக்கிவிட்டார்கள். அகலிகை கல்லானதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விடத்தைப் படிக்கையில் மனம் சற்று நின்றுவிடுகிறது. அகலிகைக்கு ஒரு காலத்தில் விமோசனம் வந்தது. இப்பெண்ணின் கதையையும் ஆசிரியை கைவிட்டுவிடவில்லை. 2025ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த நாவலில் இவளே தலைவி.

ஒரு நாள் தலைநகரில் புரட்சி மூள்கிறது. பெருநூலகம் பற்றி எரிகிறது. கீலா தன்னால் இயன்ற அளவு நூல்களைப் பெட்டிகளில் இட்டு, செடியையும் ஏற்றிக்கொண்டு, படகில் தப்புகிறாள். சிறு வயதில் பெற்றோருடன் விட்டு வந்த கால்ட்ரீ என்னும் தீவுக்குத் திரும்புகிறாள். பெற்றோர் இன்று இல்லை. வீடு புதர் மண்டிக் கிடக்கிறது. பிழைப்புக்கு வழி? ராஸ்பெர்ரிப் பழத்தில் ஜாம் காய்ச்சிக் கடை வைக்கிறாள். முன்புறம் ஜாம், பின்புறம், மருந்து என்னும் பெயரில், மந்திரம். காய்க்காத மரம் காய்க்கிறது, வறண்டது ஊறுகிறது. அண்டை வீட்டு இளைஞன் லாரன் உதவிக்கு வருகிறான். பிறகு நடப்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. அத்தீவில் உள்ளோர் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய நல்லவர்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் குடமும் கையுமாக நின்று பழகிய தில்லிவாசிக்கு, கேளாமலே உதவிக்கு ஓடி வரும் அண்டை அயலார் பேசும் செடியைக் காட்டிலும் பெரிய மாயமாகத் தோன்றுவர். துன்பங்கள் வருகின்றன, ஆனால் ஜாம் ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. புளிப்பில்லாத ரசம் போன்ற பகுதிகளும் உண்டு.

எனினும் இந்த இனிப்புக்கு அடியில் கதையின் உயிர்நிலையாகிய செய்தி ஒன்று இருக்கிறது. வெளித்தீவுகள் ஏன் வாடுகின்றன? முற்காலத்தில் மந்திரவாதிகள் அங்கே சென்று வேண்டியதைச் செய்து வந்தார்கள். பின்னர்த் தலைநகரம் எல்லா மந்திரத்தையும் தனக்கென்றே வைத்துக்கொண்டது. மரம் நோயுற்றது, புயல் மிகுந்தது. நோய்க்கு மருந்து கூறும் நூல் மட்டும் பெருநூலகத்தில் தூசி படியாமல் பத்திரமாக இருந்தது! கீலா அந்நூல்களைத் துடைத்தாள், அடுக்கினாள், காத்தாள். அவற்றால் தன் சொந்த ஊருக்கு என்ன பயன் என்று அவள் எண்ணிப் பார்த்தது, நூலகம் எரிந்து, பெட்டிகள் அவள் வீட்டுக் கூடத்துக்கு வந்த பிறகுதான். மந்திரங்களோ பழைய மொழி ஒன்றில் உள்ளவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவள் அந்தத் தீவில் அவள் ஒருத்தியே. பெட்டி நிறைய மருந்து. படிக்கத் தெரிந்தவர் ஒருவர். இந்த நிலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. மந்திர நூலகம் நமக்குப் புதியதா? விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தை நினைத்துப் பாருங்கள். முப்பத்திரண்டு பதுமைகள், போஜராஜன் ஏற முனையும்போதெல்லாம் ஒரு பதுமை வாய் திறந்து ஒரு கதை சொல்லி அவனைத் தடுக்கிறது. அலமாரிக்குப் பதில் படிகள், நூலுக்குப் பதில் பதுமைகள். கதை கேளாமல் மேலே போகவொண்ணாது என்பது அந்நூலகத்தின் விதி. பாட்டிமார் மடியிலிருந்து நாம் கேட்ட மந்திரங்களெல்லாம் செவிவழி வந்தவை. ஏட்டில் எழுதியவை வேறு. அவை பரணில் இருந்தன.

அந்த ஏடுகளின் கதை இதக்கதையன்று. சரசுவதி பூசையன்று சுவடிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கினோம். மறுநாள் மீண்டும் பரணில் ஏற்றினோம். கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் எத்தனை பேர்? டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று தேடியபோது, பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளை ஓமத்தீயில் இட்டுவிட்ட செய்தியும் அவர் செவியில் விழுந்தது. தம் வாழ்க்கை வரலாற்றில் இவற்றை அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆற்றில் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தியோடுதான் விட்டார்கள். படிக்கத் தெரியாதபோது பக்திக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை போலும். எஞ்சியவற்றை ஐயர் அவிழ்த்துப் படித்தார்; 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின.

தஞ்சை சரசுவதி மகாலையும் சொல்ல வேண்டும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காசி யாத்திரையிலும் சுவடி தேடியவர். யானைக்கும் குதிரைக்கும் உரிய சாத்திரங்கள், மருத்துவ நூல்கள், இசை, நாட்டியம், சோதிடம் என்று அங்கே இல்லாதது இல்லை. அலிஸியத்துப் பெருநூலகத்தைக் காட்டச் சொன்னால் நாம் தஞ்சாவூருக்குத்தான் ரயிலேற்றுவோம். ஆனால் அரண்மனை நூலகம் அரண்மனைக்கே உரியதன்றோ? பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1918ஆம் ஆண்டில். மன்னர் தன்வந்திரி மகாலில் அறிஞரைக் கூட்டித் தொகுத்த மருத்துவ முறைகள் அதன் பின்னரே அச்சாகி, ஊர் வைத்தியர் கைக்கும் எட்டின.

பூட்டிய நூலகத்தைத் திறப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரும் நம்மைப் போலத் தில்லிக்கு வந்து வாழ்ந்தவர் என்பதை இங்குள்ளோர் பலரும் அறியார். அவர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழக நூலகத்துக்கு நூலகராகச் சென்றார். சென்ற சில நாட்களிலேயே சலித்துப்போயிற்று. மாணவர் நிறைந்த வகுப்பறை எங்கே, ஆளரவமற்ற அந்த மண்டபம் எங்கே! திரும்பவும் கல்லூரிக்கே வந்துவிடுகிறேன் என்று முதல்வரிடம் முறையிட்டார். முதலில் இலண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவர் அனுப்பி வைத்தார். அங்கே பொது நூலகங்களில் சிறுவரும் தொழிலாளரும் சாரிசாரியாக வந்து போவதைக் கண்டதும் அரங்கநாதனின் மனம் திரும்பிற்று. தாயகம் திரும்பிய கப்பலிலேயே, அக்கப்பலின் புத்தகங்களைத் தாம் புதிதாக வகுத்த முறைப்படி பிரித்து அடுக்கிப் பார்த்தாராம்.

கீலாவுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கருதிப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நூலகமே கீலாவுக்குச் சொர்க்கம்; இவருக்கோ அதுவே நரகம். கதாசிரியை எழுநூறு நாழிகை சுற்றி வந்து சேரும் இடத்துக்கு நம் கணித ஆசிரியர் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்!

1931ஆம் ஆண்டு அவர் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, எடுத்து வழங்குவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. அதை விளக்க வருமிடத்தில், ஐரோப்பாவில் பண்டைக்காலத்து நூலகங்களில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு நகரத்துப் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அரங்கநாதன் தம் நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். படிப்பவர் தாமே சென்று நூலைத் தொட்டெடுக்கலாம் என்றார்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சி எந்த மாயக் கதைக்கும் சளைத்ததன்று. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக அமைத்தார். வண்டிக்குள் புத்தக அடுக்குகள். முன்னே இரண்டு காளைகள். அதைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். களத்துமேட்டில் வண்டி நிற்கும். வந்து சூழ்ந்தவர்களுக்கு நூல் வழங்கப்படும். எழுத்தறியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் உண்டு. கீலாவின் படகில் பேசும் செடி இருந்தது. மேலவாசல் வண்டியில் மணி கட்டிய காளைகள் இருந்தன. நம் ஓட்டு காளைகளுக்கே. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதிலும் அவருடைய உழைப்பு மிகுதி. விடுதலைக்குப் பின் இந்தியாவில் நிறைவேறிய முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரி என்னும் சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து ஊர்தோறும் நூலகம் காண வழி செய்தது. அப்போது அரங்கநாதன் தில்லிவாசி. 1947 முதல் சில ஆண்டுகள் தில்லிப் பல்கலைக் கழகத்தில் நூலகவியல் கற்பித்தார்.

அவர் ஆலோசனை கூறிய இன்னொரு நூலகம் உண்டு. அதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. 1933ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே அயலவருக்குப் புத்தகம் கொடுத்து வாங்கத் தொடங்கினார். அது வளர்ந்து பொது நூலகம் ஆயிற்று. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைக்க, அரங்கநாதன் அறிவுரை கூற, 1959ஆம் ஆண்டு அழகிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். தொலைவிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்று சொல்வர். அலிஸியம் எரியும் அத்தியாயத்தை ஆசிரியை சில பக்கங்களில் முடித்துவிட்டுப் படகேறிவிடுகிறார். இதக்கதைக்கு அது தகும். யாழ்ப்பாணத்தை அறிந்தவர்க்கு அச்சில பக்கங்களைக் கடப்பது எளிதன்று.

அந்தக் கட்டடம் இருபதாண்டு கழித்து மீண்டும் எழும்பிற்று. அதனினும் வியப்பு, 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூல் தொகுப்பு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து இணையத்தில் வைத்துவிட்டார்கள். தமிழ் தெரிந்த எவரும், எந்த ஊரிலிருந்தும், காசின்றிப் படிக்கலாம். அதற்கு முன்பே 1998ஆம் ஆண்டுப் பொங்கல் முதல் மதுரைத் திட்டத்தினர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றி வருகின்றனர். தீயும் வெள்ளமும் தீண்டாத அலமாரிகள் இவை.

இனித் தில்லிக்கு வருவோம். நாம் குடியிருப்பது முனிர்கா. ஒருபுறம் சந்துக்குள் சந்தாக நெருங்கிய பழைய கிராமம். அடுத்து வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள். அருகே ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகம். மறுபக்கம் இராமகிருஷ்ணபுரம், அதில் மலை மந்திர், தமிழ்ச் சங்கம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கேட்ட இடத்தில் கிடைக்கும். 1946ஆம் ஆண்டு தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகமும் இருக்கிறது. நம் சுற்றுவட்டாரத்தில் தமிழ்ப் புத்தகத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல இயலாது.

ஆனால் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எதிர் வீட்டுப் பெரியவர் காலமானார். பணியாற்றிய காலமெல்லாம் வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து, சேர்த்து, காலிக்கோத் துணியில் பைண்டு செய்து, முதுகில் தாமே பெயரெழுதி வைத்திருந்தவர். மக்கள் வேற்றூரிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தார்கள். நல்ல பிள்ளைகள், தந்தையின் படத்துக்கு மாலையிட்டு அழுதவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க அறியார்கள். நாம் அலுவலகத்திலிருந்து திரும்பிய மாலையில் கபாடிக்காரரின் தள்ளுவண்டி போய்விட்டிருந்தது. நாற்பத்தொரு கிலோ என்று வாயிற்காவலர் சொன்னார். யாரும் தீ வைக்கவில்லை. யாரும் பகைவர் இல்லை. ஆடிப்பெருக்கில் ஏடு விட்டவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று அன்று நமக்குத் தோன்றிற்று.

நமக்கு மந்திரக் கடை நாவலைக் கொடுத்தவள் இதே அடுக்கில் மேல்மாடியில் இருக்கும் கல்லூரி மாணவி. மெட்ரோவில் போகவர அதைப் படித்து முடித்தவள். பாட்டியோடு மட்டும் தமிழ், மற்ற உலகத்தோடு இந்தி, புத்தகத்தோடு ஆங்கிலம். பாட்டியின் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் குமுதத்தில் வாரந்தோறும் வெளிவந்த சாண்டில்யனின் 'கடல் புறா' முதலாகப் பல பைண்டுகள்.

"மாமா, அந்தப் பெட்டிக்குள்ளே கப்பல் கதை இருக்காமே, பாட்டி சொல்லவே மாட்டேங்கறா" என்று ஒரு நாள் முறையிட்டாள்.

"சொல்றதுக்கா பைண்டு பண்ணினேன்? படிச்சுத் தெரிஞ்சுக்கோயேன்டீ" என்றார் பாட்டி, வெற்றிலையை மடித்தபடி.

அப்படித் தொடங்கிற்று. ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம். தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இந்நகரில் ஏழு இருக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இல்லை. இவள் படித்தது வேறு பள்ளி. ஆகவே அரிச்சுவடியிலிருந்து. மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டலானாள். பெட்டியைத் திறந்து முதல் பைண்டைப் பிரித்ததும் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். 'லை', 'னை' என்னும் எழுத்துகளுக்கு மேலே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு. 'றா', 'னா' என்பவற்றுக்கு அடியில் சுழித்த வால். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு அல்லவா! அவள் கற்றதோ இன்றைய எழுத்து. "இதுதான் மாமா நிஜமான மந்திர எழுத்து" என்றாள். பாட்டி எழுந்து வந்து அந்தத் துதிக்கையை விரலால் அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.

இப்போது வாரத்துக்கு ஓர் அத்தியாயம் நடக்கிறது. 'ழ'கரம் இன்னும் வழுக்குகிறது. மஞ்சளழகியை ஆசிரியர் வருணிக்கத் தொடங்கும் இடங்களில், "அதெல்லாம் வேண்டாம், அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்று பாட்டி அதட்டுகிறார். பேத்தி அப்பக்கங்களைத்தான் நிறுத்தி, எழுத்தெழுத்தாக, மிகுந்த கவனத்தோடு படிக்கிறாள். கற்பித்தல் முறையில் இதற்கு இணையான உபாயத்தை நாம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கண்டதில்லை.

சென்ற மாதம் ஓரிடத்தில் கதை அறுந்துபோயிற்று. ஒரு வாரத்து இதழ் அந்தக் காலத்தில் தில்லிக்கு வந்து சேரவேயில்லை. பைண்டில் அந்தப் பகுதி இல்லை. அச்சான புத்தகத்தைச் சங்கத்து நூலகத்திலிருந்து கொண்டுவந்து தருகிறோம் என்று சொன்னோம். பாட்டி வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, அடுத்த வாரங்களைக் கொண்டு அந்த வாரத்தில் இன்னதுதான் நடந்திருக்க வேண்டும் என்று தாம் அன்று ஊகித்து வைத்ததை ஒரு மணி நேரம் வாயாற் சொன்னார். பேத்தி அதைக் கோடு போட்ட தாளில் தமிழில் எழுதி, உரிய இடத்தில் பசை தடவி ஒட்டியிருக்கிறாள். மூன்று பக்கம், துதிக்கை போட்ட 'லை'யோடு.